ஆட்சி மாறிய மறுநாள்: மனுவா, மறியலா, வழக்கா?

எங்கள் ஊர் கூட்டுறவுக் கடன் சொசைட்டியில் ஆட்சி மாற்றம் ஒரு முக்காலியில்தான் தொடங்கும். செயலாளர் அதன்மேல் ஏறிப் பழைய முதலமைச்சரின் படத்தைக் கழற்றுவார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும், சுற்றிலும் பல வருஷத்துத் தூசியும் ஊதுபத்திப் புகையும். கழற்றிய படத்தைத் தினத்தாளில் சுற்றி பீரோவுக்கு மேல் பத்திரமாக வைப்பார். தூக்கிப் போட மாட்டார். அவருக்கும் அனுபவம் உண்டு.

2021 மே மாதம் யூரியாவுக்காக நான் அங்கே நின்றிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இனிமே யாரைப் போய்ப் பாக்கணும்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் சங்கத்தில் நாங்கள் பதில் தேடிய கதைதான் இது. சங்கம் சிறியது. எந்தக் கட்சியின் விவசாய அணியும் இல்லை. டெல்டாவில் ஒரு ஒன்றியத்துக்குள் 130 உறுப்பினர், ஆண்டுச் சந்தா 300 ரூபாய். எல்லாரும் கொடுத்தால் 39,000 ரூபாய் வரும். எல்லாரும் கொடுத்த வருஷம் எதுவும் இல்லை. இந்தக் காசில் சென்னைக்கு இரண்டு முறை வேன் பிடிக்கலாம். இல்லாவிட்டால் பந்தல், மைக், சாப்பாட்டோடு ஒருநாள் உண்ணாவிரதம் இருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் உயர் நீதிமன்ற வக்கீலுக்கு முன்பணம் கொடுக்கலாம். மூன்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், மாறுவது எது?

ஆட்சி மாறினால் விவசாயக் கொள்கை தலைகீழாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. எவன் வந்தாலும் ஒன்றும் மாறாது என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் பாதிதான் சரி. நான் கவனித்தவரை, ஒரு சலுகையோ உரிமையோ எந்தத் தாளில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் ஆயுள். மேடை அறிவிப்பில் மட்டும் இருக்கிறதா, அரசாணையில் இருக்கிறதா, சட்டமாக இருக்கிறதா, இல்லை நீதிமன்றத் தீர்ப்பிலா?

உழவர் சந்தையை எடுத்துக்கொள்வோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் கருணாநிதி அரசு முதல் சந்தையைத் திறந்தது. இரண்டு வருஷத்துக்குள் தமிழ்நாடு முழுக்க நூறு சந்தைகள் வந்துவிட்டன. 2001இல் ஆட்சி மாறியது. யாரும் சந்தையை ஒழிக்கச் சட்டம் போடவில்லை. அதிகாரி வருவது குறைந்தது, பேருந்து நிற்பது குறைந்தது, தராசு பழுதானால் பழுதானதுதான். சில சந்தைகள் மூடியே விட்டன. 2006இல் மறுபடி ஆட்சி மாறியதும் வெள்ளையடித்து, தராசு வாங்கி, திரும்பவும் திறந்தார்கள். இடையில் பாதிக்கப்பட்டது விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஆள். அரசின் விருப்பத்தில் மட்டும் உயிர்வாழும் திட்டம் அந்த விருப்பம் போனதும் இப்படித்தான் சாகும். அதை ரத்து செய்யக்கூட வேண்டியதில்லை.

இலவச மின்சாரத்தின் கதை வேறு. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு, குறு விவசாயிகளுக்குக் கொடுத்தது. 1989இல் வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. 2003இல் ஜெயலலிதா அரசு கட்டணம் போட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போயின. அதே மே மாதத்தில் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. மாநிலத்தில் ஆட்சி மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாறிவிடுமோ என்ற பயம் போதுமானதாக இருந்தது. அதன்பிறகு எந்தக் கட்சியும் பம்ப்செட் மின்சாரத்தில் கைவைக்கவில்லை.

கடன் தள்ளுபடி இதைவிடச் சுலபமான கணக்கு. 2006இல் கூட்டுறவுக் கடன் சுமார் 7,000 கோடி ரூபாய் தள்ளுபடி. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி, 16.43 லட்சம் பேருக்கு. முதல் இரண்டும் வாக்குறுதி கொடுத்து வென்ற பிறகு நடந்தவை. மூன்றாவது, தேர்தலுக்கு முன்பே. தள்ளுபடி வேண்டுமா, தேர்தலை ஒட்டித்தான் கேட்க வேண்டும். நடு வருஷத்தில் கேட்கிற சங்கத்துக்கு டீ கிடைக்கும்.

அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியில் ஊரே பார்த்தது. 2021 தேர்தலில் எல்லா மேடையிலும் கேட்ட வாக்குறுதி அது. வாக்குறுதியை நம்பிச் சிலர் புதிதாகவே அடகு வைத்தார்கள். அரசாணையும் நிபந்தனைகளும் வந்தபோது, ஆய்வுக்கு எடுத்த சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டன. நகையை மீட்க வந்த பெண்கள் சொசைட்டி வாசலில் ஒட்டிய பட்டியலில் விரலால் தடவித் தடவிப் பேர் தேடியதை நான் மறக்கவில்லை. முறைகேடாகக் கடன் வாங்கியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை எழுதுகிற மேசையில் விவசாயி தரப்பில் யாரும் உட்காரவில்லை என்பதும் உண்மை.

அப்புறம், ஆட்சி மாறினாலும் மாறாதவை. தொழிற்சாலைக்கு நிலம் எடுப்பது அதில் முதலாவது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல், தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2013இன் மத்திய நிலமெடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புகளிலிருந்து அதற்கு விலக்கு வாங்கியது அ.தி.மு.க. ஆட்சி. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றதும், அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்றது. அப்போது கோட்டையில் தி.மு.க. அரசு. சட்டத்தைக் கைவிடுகிறோம் என்று அதுவும் சொல்லவில்லை.

டெல்லியிலும் அப்படி ஒன்று உண்டு. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று 2006இல் சொன்னது. அப்போதைய காங்கிரஸ் கூட்டணி அரசு அதை ஏற்கவில்லை. 2014இல் அதைத் தருவதாகச் சொல்லி பா.ஜ.க. வந்தது, 2015 பிப்ரவரியில் அதே அரசு, சந்தை நிலை குலையும், சாத்தியமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. பிறகு 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஆனால் செலவுக் கணக்கில் நில வாடகையையும் சொந்த முதலுக்கான வட்டியையும் விட்டுவிட்டார்கள். சுவாமிநாதனுக்கு 2024இல் பாரத ரத்னா கிடைத்தது. அவர் சொன்ன விலை இன்னும் கிடைக்கவில்லை.

வழி ஒன்று: மனு

இளைஞர்கள் மனுவைக் கண்டால் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். மைக் கையில் வர இரண்டு மணி நேரமாகும். பேசி முடித்தால் "நோட் பண்ணிக்கிட்டோம்" என்பார்கள். அடுத்த மாதம், "தங்கள் மனு மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு தாள் வரும்.

ஆனால் ஆட்சி மாறிய முதல் ஆறு மாதத்தில் மட்டும் மனுவுக்கு ஒரு தனி பலம் வருகிறது. புது அமைச்சருக்குத் துறை புதிது. முதல் பட்ஜெட்டில் புதிதாக எதையாவது சொல்லியாக வேண்டும். யோசனைக்குப் பஞ்சமான நேரம் அது. 2021 ஆகஸ்ட் 14இல் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் படித்த வேளாண் பட்ஜெட்தான் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட். 34,220 கோடி ரூபாய். துறையின் பெயரிலும் உழவர் நலன் சேர்ந்தது. இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குக் கொடுக்கிற தொகையும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது, அதனால் எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பட்ஜெட்டுக்கு முன் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிற வழக்கம் ஒன்று வந்ததே, அது லாபம். அடுத்த மாதமே ஒரு லட்சம் புது இலவச மின் இணைப்பு என்றார்கள். பல வருஷமாக வரிசையில் காத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். பதிவு எண், தேதி, சர்வே எண், எந்த டிரான்ஸ்பார்மர் என்று ஒழுங்காகப் பட்டியல் போட்டு வைத்திருந்த ஊர்களில் வேலை முன்னதாக நடந்தது. "எங்கள் பகுதிக்கு மின் இணைப்பு வழங்க வேண்டுகிறோம்" என்று மட்டும் எழுதிய ஊர் பின்னால் நின்றது.

மனுவின் பெரிய பலவீனம், அது தப்பான வாசலுக்குப் போவதுதான். எங்களுக்கே நடந்தது. ஒரு குறுவை அறுவடை, மழைக்காலம். கொள்முதல் நிலையத்து முன்னால் ரோட்டோரமாக நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய். பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதக் கருவியில் கொட்டி மூடினார். 19.4. "17க்கு மேல எடுக்க முடியாதுங்க, காயவச்சு எடுத்துட்டு வாங்க." எங்கே காயவைப்பது? ரோட்டில்தான். மதியம் நாலு மணிக்கு வானம் கருத்தது. ராத்திரி முழுக்கத் தார்ப்பாயின் நாலு மூலையிலும் நாலு பேர். காலையில் அடிக்குவியலில் முளை விட்டிருந்தது. அந்தக் கோபத்தில் மாவட்ட ஆட்சியருக்கு மூன்று மனு, அமைச்சருக்கு ஒன்று, தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. புது ஆட்சி மேல் திட்டும் விழுந்தது. பிறகுதான் ஒரு ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் சொன்னார், "அந்த 17 சதவீதத்தை மாத்துற அதிகாரம் சென்னையில இல்லையே சார்." மத்தியத் தொகுப்புக்கு எடுக்கிற நெல்லுக்கு ஈரப்பதத் தளர்வு டெல்லிதான் தர வேண்டும். மாநிலம் எழுதிக் கேட்கும், குழு வரும், மாதிரி எடுக்கும், அப்புறம் உத்தரவு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதி வந்தது அப்படித்தான்.

ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று வெளியே தெரியாமல் வாங்குவது, சாக்கு இல்லை என்பது, லாரி வரவில்லை என்பது, இதெல்லாம் முழுக்க மாநிலத்து விஷயம். இதற்கு மனுதான் சரியான கருவி, அதுவும் தேதி, மூட்டை எண்ணிக்கை, பட்டியல் எண்ணோடு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதியதுதான் எங்கள் முட்டாள்தனம். கலந்து எழுதினால், தங்களால் முடியாத பாதியைக் காட்டியே முடிந்த பாதியையும் தட்டிக் கழிப்பார்கள்.

மெதுவாக வேலை செய்யும் என்பதற்கும் ஒரு கணக்கு. நெல் குவிண்டாலுக்கு 2,500, கரும்பு டன்னுக்கு 4,000 என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. மத்திய அரசின் ஆதரவு விலைக்கு மேல் ஊக்கத்தொகையை வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றி, நெல் பொது ரகம் 2,500 தொட்டது 2025 செப்டம்பரில். கரும்பு அந்த ஆண்டு பட்ஜெட்டில் 3,500 வரைதான் வந்தது. நாலு வருஷமும் ஒவ்வொரு கருத்துக்கேட்பிலும் அதே எண்ணைத் திரும்பச் சொன்ன சங்கங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

வழி இரண்டு: மறியல்

தமிழக விவசாயப் போராட்டத்தைப் பற்றிப் பேசினால் கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவைத் தாண்டிப் போக முடியாது. 1970இல் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏற்றியதை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். ஒரு பைசா குறைந்தது. 1972இல் மறுபடி உயர்வு, கோவைத் தெருக்களை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியது. 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியிலும், விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. லத்தியும் துப்பாக்கியும் எந்தக் கொடிக்கும் பொதுதான்.

ஆனால் இந்தப் போராட்டங்களால்தான் மின்சாரம் இலவசமானது என்பதை யாரும் மறுக்க முடியாது. நாயுடு 1984இல் இறந்தார். எல்லாருக்கும் இலவசம் என்பது அவர் போய் ஐந்து வருஷத்துக்கு மேல் கழித்து, அவர் எதிர்த்துப் போராடிய அதே கட்சியின் கையால் வந்தது.

போராட்டத்தின் விளைச்சல் அடுத்த ஆட்சியின் களத்தில் விழுவது இன்னொரு முறையும் நடந்தது. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் பகுதிகள் சட்டத்தில் விடுபட்டன. ஏற்கெனவே நடக்கிற பணிகளுக்கும் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். ஓட்டைச் சட்டம் என்று நானே திட்டியிருக்கிறேன். 2023 மார்ச் இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி எடுக்க மத்திய அரசு ஏலப் பட்டியல் போட்டபோது, அந்த ஓட்டைச் சட்டத்தைத்தான் ஸ்டாலின் அரசு கையில் எடுத்துக்கொண்டு டெல்லிக்கு எழுதியது. எதிர்க்கட்சி கொண்டுவந்த சட்டம், ஆளுங்கட்சிக்கு ஆயுதம். சில நாளில் அந்த இடங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மனுவில் கிடைத்த ஒரு அரசாணை இந்த வேலையைச் செய்திருக்காது.

பிரச்சினை, நேரம். ஆட்சி மாறிய முதல் வருஷத்தில் மறியல் செய்தால் "தோத்துப்போனவங்க தூண்டி விடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஊர்க்காரர்களே, "இப்பத்தானே வந்திருக்காங்க, கொஞ்சம் டைம் குடுப்போம்" என்பார்கள். கூட்டம் சேராது. கடைசி ஒன்றரை வருஷத்தில் அதே கோரிக்கைக்கு மந்திரியே பந்தலுக்கு வருவார்.

பயம் இல்லாமலும் இல்லை. 2023இல் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு எதிராகப் போராடிய ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மேல் போட்டதை அரசு திரும்பப் பெற்றது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை எதிர்த்த காலத்தில் விவசாயிகள் பக்கம் நின்று பேசிய கட்சியின் ஆட்சி அது. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எஃப்.ஐ.ஆர். அவர்கள் வீட்டில் என்ன செய்யும் என்பது சங்கக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

டெல்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களை ரத்து செய்யவைத்தார்களே என்பார்கள். சரிதான். ஆனால் அங்கே கிராமத்துக்கு ஒரு டிராக்டர் முறைவைத்துப் போய் வந்தது, லங்கர் என்கிற சீக்கியர்களின் பொதுச் சமையல் நடந்தது, பஞ்சாபில் மண்டி (தானியச் சந்தை) என்கிற ஒரே நூலில் எல்லாரும் கட்டப்பட்டிருந்தார்கள். ஆட்சி மாறாமலே, அடுத்து வந்த உத்தரப் பிரதேச, பஞ்சாப் தேர்தல்களின் நிழலில் அது வென்றது. நம்மூர் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவின் குழுவினர் 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் மண்டையோட்டோடு இருந்தார்கள். நாடே பார்த்தது. கேட்டது கிடைக்கவில்லை.

வழி மூன்று: வழக்கு

வழக்கில் ஒரு பெரிய வசதி, நீதிபதிக்குத் தேர்தல் இல்லை. காவிரியில் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று, மன்னார்குடி எஸ். ரங்கநாதன் முன்நின்று, 1983இல் உச்ச நீதிமன்றம் போனது. 1990 மே மாதம் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவு; ஜூன் மாதம் வி.பி. சிங் அரசு அமைத்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு, 2013இல் அரசிதழ், 2018இல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. 35 வருஷம். அதற்குள் சென்னையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் எத்தனை படங்கள் சுவரிலிருந்து இறங்கி ஏறின! அந்த மனு மட்டும் எந்த ஆட்சியோடும் சாகவில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காத வருஷத்தில்கூட, இவ்வளவு தண்ணீர் எங்களுக்கு உரியது என்று சொல்ல ஒரு எண் கையில் இருக்கிறது.

எல்லா வழக்கும் காவிரி ஆகாது. 2016 தள்ளுபடி சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றதை எதிர்த்து அய்யாக்கண்ணுவின் சங்கம் வழக்குப் போட்டது. 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் எல்லாருக்கும் கொடு என்றது. ஊரில் வெடி போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021 நவம்பரில், சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் கொடுத்தது செல்லும் என்று முடிந்தது. வழக்கில் எதிர்த்தரப்பு 'தமிழ்நாடு அரசு'. நாற்காலியில் ஆள் மாறினாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை, பெரும்பாலும் நிலைப்பாடும் மாறுவதில்லை. புது ஆட்சி வந்தால் வழக்கை விட்டுக்கொடுத்துவிடும் என்று நம்பி யாரும் வாய்தா வாங்க வேண்டாம்.

எங்களைப் போன்ற சின்ன சங்கத்துக்கு வழக்கின் தம்பியாக ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு இருக்கிறது. பத்து ரூபாய். எந்த அரசாணை, எவ்வளவு ஒதுக்கீடு, எங்கள் ஒன்றியத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டு வாங்கிய தாள் ஒன்று கையில் இருந்தால், குறைதீர் கூட்டத்தில் குரலே வேறு மாதிரி வரும்.

வழி நான்கு: நாமே நின்றுவிட்டால்?

ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் இதை எழுப்புவார். நாராயணசாமி நாயுடு 1982இல் கட்சி தொடங்கினார். சாலையில் லட்சம் பேரை நிறுத்தியவரால் வாக்குப் பெட்டியில் அதைச் செய்ய முடியவில்லை. மொடக்குறிச்சி 1996 இன்னும் வேடிக்கை. கோரிக்கையைக் கவனிக்க வைக்க விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச் சீட்டு புத்தகமாக அச்சானது, தேர்தலே தள்ளிப்போனது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, தங்கள் ஓட்டும் சேர்த்து. அதே வருஷம் சட்டமன்ற டெபாசிட் தொகை 250லிருந்து 5,000 ஆனது.

தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 2019இல் மஞ்சள் விவசாயிகள் 170க்கும் மேற்பட்டோர் இதே வேலையைச் செய்தார்கள். ஆளும் கட்சி முதலமைச்சரின் மகளே தோற்றார். மஞ்சள் வாரியம் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து ஜெயித்தார் பா.ஜ.க. வேட்பாளர், வாரியம் 2025 ஜனவரியில் திறந்தது. ஒரே பயிர், ஒரே கோரிக்கை, ஒரே மாவட்டம் என்றால் இது பலிக்கலாம். எங்களுக்கு அந்த ஒற்றுமை இல்லை. நெல்லுக்கு ஒரு கோரிக்கை, பருத்திக்கு ஒன்று, குத்தகைக்காரருக்கு ஒன்று, நிலக்காரருக்கு நேர் எதிராக ஒன்று.

ஆளுங்கட்சியின் விவசாய அணியில் சேர்ந்துவிடலாமே என்கிற யோசனையும் வரும். காரியம் சீக்கிரம் நடக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சொசைட்டியைப் பாருங்கள். 2018இல் வந்த நிர்வாகிகள் ஒரு கட்சி சார்பு. 2021இல் ஆட்சி மாற, 2022 ஜனவரியில் அவர்களின் பதவிக்காலத்தை ஐந்து வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப் பேரவையில் மசோதா நிறைவேற்றினார்கள். கட்சியோடு வந்தால் கட்சியோடு போக வேண்டியதுதான். எங்களில் இரண்டு அணிக்காரர்களும் இருக்கிறார்கள். சங்கத்துக்குக் கொடி கட்டினால் மறுநாள் 65 பேர்தான்.

எங்கள் கணக்கு

2021இல் நாங்கள் எடுத்த முடிவு முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் மறியல் பேச்சே எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். மின் இணைப்புப் பட்டியலுக்கு அது உதவியது. கொள்முதல் விஷயத்தில் அதே பொறுமை எங்களைக் கெடுத்தது. மூட்டைக்குக் காசு வாங்குவது முதல் வருஷமே நிற்கவில்லை என்றால் மூன்றாம் வருஷம் நிற்காது. அங்கே முதல் அறுவடையிலேயே ரோட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது சங்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இடப்பக்கம் கோரிக்கை. வலப்பக்கம், அது சென்னையா டெல்லியா, அறிவிப்பா அரசாணையா சட்டமா. ஆட்சி மாறும் வருஷத்துச் சந்தாவில் பெரும் பங்கு மனுவுக்கும் ஆர்டிஐக்கும்; சென்னைக்கு ஒரு வேன், முதல் பட்ஜெட்டுக்கு முன்பே. தேர்தலுக்கு முந்தைய வருஷம் பந்தலுக்கு. நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தால் மட்டும் இந்த வரிசை செல்லாது: அன்றைக்கே ஆட்சேபணை மனு, அன்றைக்கே வக்கீல், ஆட்சிக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று பார்ப்பதில்லை. அதற்காக 15,000 ரூபாயைத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறோம், தொடக்கூடாது என்ற தீர்மானத்தோடு. போன வருஷம் ஒருமுறை தொட்டுவிட்டோம், மைக் செட் வாடகைக்கு. இன்னும் 2,200 பாக்கி, பொருளாளர் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்.